கோதுமைக் காசு கடனுக்கு, கிரீம் காசு குடும்பத்துக்கு: கனடாவின் பிரெய்ரிப் பண்ணையில் ஒரு பெண்ணின் ஆயுள்

கனடாவில் மனிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் தென்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் புல்வெளிக்குப் பிரெய்ரி என்று பெயர். கிரீ உள்ளிட்ட பூர்வகுடி மக்களின் நிலம் அது. 1871 முதல் போடப்பட்ட ஒப்பந்தங்கள் வழியாக (சஸ்காச்சுவானின் பெரும்பகுதி 1874ன் நான்காம் ஒப்பந்தத்திலும் 1876ன் ஆறாம் ஒப்பந்தத்திலும் அடங்கும்) அரசு அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பிறகு 160 ஏக்கர் துண்டுகளாக அளந்து, 10 டாலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. மூன்று ஆண்டு குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், சொன்ன அளவு நிலத்தை உழுது காட்ட வேண்டும். அதன் பிறகே பட்டா.

இந்தக் குடியேற்றத்தின் கதையை எல்லோரும் கோதுமையின் கதையாகவே சொல்லிவந்திருக்கிறார்கள். பண்ணையின் வரவு செலவை எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். கோதுமைப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை, இலையுதிர் காலத்தில் வரும். வரும்போதே அதற்கு ஆள் காத்திருப்பார்கள்: இயந்திரம் விற்றவர், வங்கி, விதை கொடுத்தவர், வரி கேட்கும் பஞ்சாயத்து. மற்ற மாதங்களில் வீட்டில் உப்பு, சர்க்கரை, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் செருப்பு எல்லாம் வாங்கியது கிரீமும் முட்டையும் கோழியும் விற்ற காசில். பிரெய்ரிப் பண்ணை பெரும்பாலும் நிலைத்து நின்றது இந்த இரண்டாவது வரவினால்தான் என்பது என் துணிபு. அதை ஈட்டியவர் மனைவி. அந்த வரவுதான் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1900ஐ ஒட்டிப் பிறந்து, இருபது வயதில் கல்யாணமாகிப் பண்ணைக்கு வந்து, தொண்ணூறு தாண்டி வாழ்ந்த ஒரு பெண்ணின் ஆயுளை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்கள் அங்கே அபூர்வமல்ல.

முதலில் வீடு. மரம் கிடைக்காத இடத்தில் புல்லோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக உழுது எடுத்து, புல் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். 16 அடிக்கு 20 அடி வீட்டுக்கு ஏறக்குறைய அரை ஏக்கர் புல்தரை வேண்டும். சுவர் இரண்டு அடிக்கு மேல் கனம் என்பதால் குளிருக்கும் வெயிலுக்கும் நல்ல அடக்கம். கூரைதான் தொல்லை. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். அடுப்பின் மேல் குடை பிடித்துச் சமைத்ததெல்லாம் நடந்திருக்கிறது. கிண்டர்ஸ்லி ஊருக்கு அருகே 1909க்கும் 1911க்கும் இடையில் கட்டிய அடிசன் மண்வீடு இன்றும் நிற்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் ஓரிரண்டு நல்ல விளைச்சல் கண்டதும் பலகை வீட்டுக்கு மாறின. அதுவும் மெல்லிய சுவர்தான். இரவில் அடுப்பு அணைந்தால் வாளித் தண்ணீர் காலைக்குள் உறைந்துவிடும்.

தண்ணீரிலிருந்துதான் பெண்ணின் பாடு தொடங்கும். ஒரு வாரத் துணியைத் துவைத்து, கொதிக்கவைத்து, அலசி முடிக்கச் சுமார் 200 லிட்டர் தேவை. கைக்கு ஒரு 12 லிட்டர் வாளி என்று வைத்தாலும் கிணற்றுக்கு எட்டு நடை ஆகிறது. துவைத்த பிறகு அந்த அழுக்குத் தண்ணீர் முழுவதையும் அதே வாளிகளில் வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பிரெய்ரிக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் மக்னீசிய உப்பும் அதிகம். அதில் சோப்பு நுரைக்காது. தயிர் திரிந்தது போலத் திட்டுத்திட்டாகி, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு கைவேலை உண்டு. தண்ணீரை அடுப்பில் சூடாக்கி, ஒரு கரண்டி சலவைச் சோடாவோ காஸ்டிக் சோடாவோ போட்டால் உப்புகள் நுரைபோல மேலே திரளும். அதை வழித்து எறிந்துவிட்டுத்தான் சோப்பைத் தொட வேண்டும். காஸ்டிக் கொஞ்சம் கூடினாலும் விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகும், துணியும் இற்றுவிடும். அதனால்தான் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய் இல்லாத வீடே இருக்காது. குளிர்காலத்தில் பனியை உருக்குவார்கள். புதிதாகப் பெய்த பனி பத்து வாளி உருகினால் ஒரு வாளித் தண்ணீர் தேறும். காற்றில் இறுகிய பனிமேட்டிலிருந்து வெட்டி எடுத்தால் அதைவிட அதிகம் கிடைக்கும். எந்தப் பக்கம் இறுகிக் கிடக்கிறது என்று பார்த்து வெட்டத் தெரிந்தவருக்கு நடை மிச்சம்.

சோப்பும் வீட்டிலேயே. பன்றியோ மாடோ அடித்த பிறகு சேர்ந்த கொழுப்பை உருக்கி வடிகட்டி 2.7 கிலோ எடுத்துக்கொண்டால், அதற்குக் காஸ்டிக் சோடா 370 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும். இரண்டும் வெதுவெதுப்பான பிறகு காஸ்டிக் நீரை மெல்லிய தாரையாக ஊற்றி, தேன் பதம் வரும்வரை விடாமல் கிண்டினால் போதும். அவசரப்பட்டுச் சூடாகக் கலந்தால் கொழுப்பு மேலும் காஸ்டிக் கீழுமாகப் பிரிந்துகொள்ளும். கொழுப்பில் உப்பு தங்கியிருந்தாலும் இதே கதிதான். வெட்டிய கட்டிகள் ஒரு மாதமாவது காய வேண்டும்.

துணி காயப்போடுவது தனிக்கலை. மைனஸ் 20ல் கொடியில் போட்ட உள்ளாடை சில நிமிடங்களில் பலகையாகிவிடும். ஆனாலும் காயும்: உறைந்த ஈரம் நீராகாமலே ஆவியாகிப் போகும். விறைத்திருக்கும்போது மடக்கினால் இழை ஒடியும் என்பதால், பலகை போலவே இரண்டு கையிலும் ஏந்தி உள்ளே கொண்டுவருவார்கள்.

இனி கிரீம். ஐந்து மாடு, மேய்ச்சல் நல்ல காலத்தில் மாட்டுக்கு 8 லிட்டர் என்றால் நாளைக்கு 40 லிட்டர் பால். அதிலிருந்து ஐந்து லிட்டர் போலக் கிரீம் வரும். 22 லிட்டர் பிடிக்கும் தகரக் கேன் நான்கைந்து நாளில் நிறையும். பாலிலிருந்து கிரீமைப் பிரிக்கும், கைப்பிடியால் சுழற்றும் செப்பரேட்டர் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு சாத்தியமாயிற்று. பாலைத் தட்டில் ஊற்றி ஆடை படியவிட்டு எடுத்த காலத்தில் கொழுப்பு நிறையவே வீணாயிற்று.

செப்பரேட்டரின் நடுவே ஒரு கிண்ணம்; அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும் இருபதுக்கும் மேற்பட்ட கூம்புத் தட்டுகள். பல்சக்கரங்கள் கிண்ணத்தை நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழற்றும். கனமான பால் ஓரத்துக்கும் லேசான கொழுப்பு நடுவுக்கும் ஒதுங்கி, இரண்டு மூக்கு வழியாகத் தனித்தனியே இறங்கும். கறந்த சூட்டோடு பிரிக்க வேண்டும். ஆறிய பாலில் கிரீம் கெட்டிப்பட்டுத் தட்டுகளுக்கிடையே அடைக்கும், கொழுப்பு மற்ற பாலோடு போய்விடும். கைப்பிடி தொடக்கத்தில் கனக்கும். மெல்ல மெல்ல வேகமேற்றி, பெரும்பாலான மாதிரிகளில் நிமிடத்துக்கு 50, 60 சுற்றுக்குக் கொண்டுவர வேண்டும். டி லாவல் இயந்திரங்களின் கைப்பிடியில் சிறு மணி ஒன்று இருந்தது. வேகம் போதாதவரை அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலிக்கும். ஒலி நின்ற பிறகே மேல்தொட்டியின் குழாயைத் திறக்கலாம். பத்து நிமிடம் போனதும் கை சோர்ந்து வேகம் குறைந்தால் மணி திரும்ப ஒலிக்கும். பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றிய வீடுகளில் அந்த மணியே மேற்பார்வையாளர்.

எல்லோரும் வெறுத்த வேலை கழுவுவது. ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே, இரண்டு வேளையும். முதலில் குளிர்ந்த நீர் அல்லது வெதுவெதுப்பான நீர். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து உலோகத்தில் பிடித்துக்கொள்ளும். பிறகு சோடா நீர், கடைசியாகக் கொதிநீர். தட்டுகளுக்கு எண் உண்டு. வரிசை மாறினால் கிண்ணம் ஒரு பக்கம் கனத்து இயந்திரமே அதிரும். அதனால் ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்தபடியே கழுவிக் காயவைத்தார்கள். ரப்பர் வளையம் தேய்ந்தால் கிரீம் அடியில் ஒழுகும். புது வளையம் அஞ்சலில் வரும்வரை வரும்படி போயிற்று.

புளிப்புதான் அடுத்த எதிரி. கிரீமை வாங்கும் வெண்ணெய் ஆலையில் புளிப்பைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். தரம் இறங்கினால் விலை இறங்கும். இன்றைய சூடான கிரீமை நேற்றைய குளிர்ந்த கிரீமின் மேல் ஊற்றினால் முழுக் கேனும் புளித்துவிடும். தனிப் பாத்திரத்தில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, குளிர்ந்த பிறகே கேனில் சேர்ப்பார்கள். ஜூலை மாதம் ரயில் நிலைய நடைமேடையில் வெயிலில் கேன் நின்றால் இத்தனை பாடும் வீண். எல்லாம் சரியாக நடந்தால், காலிக் கேனும் காசோலையும் திரும்பி வரும். பல வீடுகளில் அந்தக் காசோலை மனைவியின் கையில்தான் வந்து சேர்ந்தது. கிரீம் எடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் போகும். ஆக, இறைச்சியும் அதே மாட்டின் கணக்கில்தான்.

முட்டை வரவு பகல் வெளிச்சத்தைப் பொறுத்தது. பகல் சுருங்கும் நவம்பரில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். மே, ஜூனில் முட்டை மலிந்து, விலை விழுந்து கிடக்கும். அப்போதுதான் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்க வேண்டும். சோடியம் சிலிகேட் கரைசல் ஒரு பங்கு, கொதிக்கவைத்து ஆறிய நீர் ஒன்பது பங்கு கலந்து மண்ஜாடியில் ஊற்றி, அதில் முட்டைகளை மூழ்க விட்டார்கள். முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். விரிசல் விட்ட ஒரு முட்டை ஜாடியையே கெடுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். ஆனால் துளைகள் அடைபட்ட ஓட்டில் காற்று வெளியேற வழி இல்லை. அதனால் வேகவைக்கும் முன் ஊசியால் ஒரு குத்துக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

ரொட்டி மாவு 98 பவுண்டு மூட்டையில் வந்தது. எட்டுப் பேர் உள்ள வீட்டில் வாரம் மூன்று முறை, முறைக்கு எட்டு ரொட்டி என்று சுட்டால் மூன்று வாரம் வரும். காய்ந்த ஈஸ்ட் வில்லையை உருளைக்கிழங்கு வேகவைத்த நீரில் கரைத்து, முந்தின இரவே இளமாவு கலந்து, போர்வையால் சுற்றி அடுப்பருகே வைப்பார்கள். இரவில் வீடு உறைந்தால் மாவு எழும்பாது. உறைபனி பட்ட கோதுமையின் மாவாக இருந்தால் என்ன செய்தாலும் ரொட்டி உள்ளே பிசுபிசுப்பாகத்தான் இருக்கும். காலி மூட்டைத் துணி கைக்குட்டை முதல் உள்ளாடை வரை ஆயிற்று. நான்கு மூட்டை சேர்த்தால் ஒரு படுக்கை விரிப்பு. அதில் அச்சிட்ட எழுத்துப் போக, பன்றிக்கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஓர் இரவு ஊறவிட்டுக் காட்டமான சோப்பில் கொதிக்கவைத்தார்கள்.

ஆண்டில் மிகக் கடுமையான நாட்கள் கதிரடிப்பு நாட்கள். இருபது ஆள், நாளைக்கு ஐந்து வேளை: காலை உணவு, பத்து மணிக்கு வயலுக்கு ரொட்டியும் காப்பியும், மதியச் சாப்பாடு, நான்கு மணிக்கு மீண்டும் வயலுக்கு, இருட்டிய பிறகு இரவு உணவு. ஒரே அடுப்பில் நூறு சாப்பாடு. மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். கதிரடிக்க முடியாது, ஆட்களும் போக மாட்டார்கள். தொழுவத்தில் சீட்டாடிக்கொண்டு சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பார்கள். மூன்று நாள் மழை என்றால் குளிர்காலத்துக்கு வைத்த கோழியும் கிழங்கும் அதில் கரையும். 1940களிலும் 50களிலும் அறுப்பையும் கதிரடிப்பையும் சேர்த்தே செய்யும் கம்பைன் அறுவடை இயந்திரம் பரவியதும் இந்தக் கூட்டம் மறைந்தது. கம்பைன் ஆணின் உழைப்பைக் குறைத்தது என்றே எழுதுகிறார்கள். அடுப்படியில் அது குறைத்த உழைப்பை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளைப்பேறு இத்தனைக்கும் நடுவில். மருத்துவர் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பார். குதிரை வண்டியில், அதுவும் பனிக்காலத்தில், அது ஒரு நாள் பயணம். அண்டை வீட்டுப் பெண்ணோ பூர்வகுடி மருத்துவச்சியோதான் துணை. இதை மாற்றியதும் பண்ணைப் பெண்கள்தான். ஹாரிஸ் ஊருக்கு அருகே பண்ணையில் இருந்த வயலட் மெக்நாட்டன், சஸ்காச்சுவான் பெண் தானிய விவசாயிகள் சங்கத்தின் வழியாக மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி எட்டும் தூரத்தில் வேண்டும் என்று ஓயாமல் போராடினார். சில பஞ்சாயத்துகள் சேர்ந்து மருத்துவமனை கட்ட வழிசெய்யும் சட்டம் 1916ல் வந்தது. 1920ல் பேடக்வுட் ஊரில் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் எல்லைப்புற மருத்துவமனை திறந்தது. பஞ்சாயத்தே மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் பரவியது. அந்த வேரிலிருந்துதான் 1947ல் மாகாண மருத்துவமனைக் காப்பீடும் 1962ல் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீடும் வளர்ந்தன. கனடா இன்று பெருமையாகச் சொல்லும் மருத்துவ ஏற்பாட்டின் வரலாற்றை மண்வீட்டுப் பிரசவத்திலிருந்து தொடங்குவதே நியாயம்.

1930கள் இந்தப் பெண்ணின் நடுவயது. 1932 டிசம்பரில் கோதுமை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. 1937ல் சஸ்காச்சுவானில் ஏக்கருக்குச் சராசரியாக 3 புஷல்கூடத் தேறவில்லை. விதைக்கே ஒரு புஷலுக்கு மேல் வேண்டும். அந்த ஜூலை 5ல் மிடேல், எல்லோ கிராஸ் ஊர்களில் 45 டிகிரி வெயில். புழுதி ஜன்னல் இடுக்கு வழியே வந்து மேசையில் படியும். தட்டுகளைக் கவிழ்த்தே வைத்து, சோறு போடும் நொடியில்தான் நிமிர்த்தினார்கள். ஈரத்துணியை ஜன்னல் ஓரங்களில் செருகுவதும், அது சேறானதும் அலசுவதும் அன்றாட வேலையாயின. ரயிலில் நிவாரணமாக வந்த உப்புக் கருவாட்டை எப்படிச் சமைப்பது என்று கடலையே பாராத அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை. ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. இந்த ஆண்டுகளில் கோதுமை வரவு சுழி. கிரீம், முட்டை, வெட்டுக்கிளியைத் தின்று வளர்ந்த வான்கோழி, இவைதான் பல குடும்பங்களை நிலத்தில் நிறுத்தின.

அந்த நிலம் யாருடையது? அமெரிக்காவில் 1862 சட்டத்தின்படி மணமாகாத பெண்ணும் ஹோம்ஸ்டெட் எனும் அரசுக் குடியேற்ற நிலம் கேட்கலாம். கனடாவில் 1876 முதல் அது இல்லை. குடும்பத் தலைவியான விதவை போன்றவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. ஆக, பட்டா கணவன் பெயரில். கணவன் இறந்தால் சொத்தில் மனைவிக்குள்ள பழைய ஆங்கிலேயச் சட்டப் பங்கும் 1886ல் மேற்குப் பகுதிகளில் ரத்தாகிவிட்டது. மனைவியிடம் சொல்லாமலே வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு ஒருவர் போய்விடலாம். பெண்கள் சங்கங்கள் போராடி, 1915 தொடங்கிச் சில ஆண்டுகளில் மூன்று மாகாணங்களிலும் இதற்குத் தடை வாங்கின. குடியிருக்கும் வீட்டு நிலத்தை விற்க மனைவி கையெழுத்து வேண்டும் என்றாயிற்று. சஸ்காச்சுவானில் இன்றும் அந்தக் கையெழுத்தை வாங்குபவர், பட்டாதாரரான துணை உடனில்லாத இடத்தில் வைத்து, மனமொப்பித்தான் போடுகிறாரா என்று கேட்டாக வேண்டும். மூன்று மாகாணங்களிலும் வாக்குரிமை 1916ல் வந்தது.

ஆனால் விற்பதைத் தடுக்கும் உரிமை வேறு, சொந்தம் வேறு. ஆல்பர்ட்டாவின் ஐரீன் மர்டாக் வழக்கு இதை ஊரறியச் செய்தது. கால் நூற்றாண்டு மண வாழ்வில் அவர் வைக்கோல் அறுத்தார், டிராக்டர் ஓட்டினார், மாட்டுக்குக் கொம்பு தீய்த்தார், தடுப்பூசி போட்டார், சூட்டுக்கோல் வைத்தார். கணவர் வேறு வேலைக்காக ஆண்டில் ஐந்து மாதம் வெளியே இருந்தபோது பண்ணையைப் பார்த்துக்கொண்டார். பிரிந்தபோது பங்கு கேட்டார். எந்தப் பண்ணை மனைவியும் செய்யும் வேலைதானே என்றது கீழ் நீதிமன்றம். 1973ல் உச்ச நீதிமன்றமும் நான்குக்கு ஒன்று என்று மறுத்தது. அதை ஏற்காமல் அவருக்குப் பங்கு உண்டு என்று எழுதிய ஒரே நீதிபதி போரா லாஸ்கின். நாடெங்கும் பெண்கள் கொதித்தார்கள். 1978ல் சஸ்காச்சுவான் பண்ணைப் பெண் ஒருவரின் ராத்வெல் வழக்கில் அதே நீதிமன்றம் பாதிப் பங்கு கொடுத்தது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் மூன்று மாகாணங்களிலும் திருமணச் சொத்துச் சட்டங்கள் வந்தன.

வரிச் சட்டமும் இதே வழியில்தான் போயிற்று. பண்ணை வேலைக்கு மனைவிக்குக் கொடுக்கும் சம்பளத்தை 1980க்கு முன் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாததால் 1966ல் தொடங்கிய கனடா ஓய்வூதியத் திட்டத்தில் அவர் பெயரும் இல்லை. கிரீம் காசோலையைத் தவிர்த்துப் பார்த்தால், பல பண்ணைப் பெண்கள் தங்கள் பெயரில் கண்ட முதல் அரசுக் காசோலை 1945ல் வந்த குழந்தைப்படி: பிள்ளைக்கு வயதைப் பொறுத்து மாதம் 5 முதல் 8 டாலர் வரை, தாயின் பெயருக்கு. அடுத்தது 1952ல் எல்லோருக்குமாக்கிய முதியோர் படி, 70 வயதானவர்களுக்கு மாதம் 40 டாலர்.

மின்சாரம் பெரும்பாலான பண்ணைகளுக்கு வந்தபோது 1900ல் பிறந்த நம் பெண்ணுக்கு ஐம்பது கடந்திருக்கும். மனிட்டோபா 1945லும் சஸ்காச்சுவான் 1949லும் கிராம மின்மயத்தைத் தொடங்கின. முதலில் வாங்கியது பலருக்குத் துணி துவைக்கும் இயந்திரம். கிணற்றில் மோட்டார் வைத்து வீட்டுக்குள் குழாய் இழுப்பது செலவு கூடிய வேலை என்பதால் சில ஆண்டு தள்ளிப்போயிற்று. விளக்கெரியும் சமையலறையிலும் வாளித் தண்ணீரே நின்றது. களஞ்சியத்துக்கும் பட்டறைக்கும் முதலில் இணைப்புக் கொடுத்துவிட்டு வீட்டைப் பிறகு பார்த்துக்கொண்ட பண்ணைகளும் உண்டு.

கணவர் போன பிறகு நிலம் பெரும்பாலும் மகனுக்குப் போகும். அந்தப் பெண் பக்கத்து ஊரில் சிறு வீடு எடுத்துக் குடிபோவார். பின்கட்டில் தோட்டம் மட்டும் நிச்சயம். மே 24ஐ ஒட்டி உருளைக்கிழங்கு நடுவது எண்பது வயதிலும் நிற்கவில்லை.

பண்ணைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 1991 வரை பண்ணையை நடத்துபவர் என்று ஒரே ஒரு பெயர்தான் எழுத முடியும். அந்த ஆண்டு முதல் மூன்று பெயர்வரை எழுதலாம் என்றார்கள். எழுதி முடித்துப் பார்த்தபோது கனடாவில் பண்ணை நடத்துபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பெண். 1900ல் பிறந்தவருக்கு அப்போது 91 வயது; அவருடைய பண்ணைக்கு வந்த படிவத்தின் இரண்டாவது வரியில் ஏறியது பேரன் மனைவியின் பெயர்.